அக்கா குங்குமம் வைத்த கலப்பை

காரியத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் அக்கா தாராபுரத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். பொறியியல் படித்து, மணமாகி, அமெரிக்காவில் இந்தக் காப்பெல் நகருக்கு வந்து சேர்ந்தார். மாமாவின் வேலை இரண்டு முறை போனபோதும் குடும்பத்தைத் தாங்கியவர் அவர்தான். அவருடைய பொறுமையைப் பலரும் புகழ்கிறார்கள். அக்காவுக்குப் பொறுமையே கிடையாது. உடன்பிறந்த எனக்குத் தெரியும்.

ஓர் ஆயுத பூஜையன்று பிள்ளைகளோடு நகரின் ஓரத்தில் நகர சபை காட்சிக்கு வைத்திருக்கும் பழைய பண்ணை வீட்டைப் பார்க்கப் போனார். மாட்டு வண்டியில் வந்து குடியேறிய குடும்பம் ஒன்று ஓக் மரம் வெட்டிக் கட்டிய இரண்டு அறை வீடு அது. பின்னால் கிணறு, ஓடைவரை புல்வெளி, பெக்கான் மரத்தடியில் காய்ச்சலில் இறந்த அவர்களுடைய இரண்டு குழந்தைகளின் கல்லறை. கொட்டகையில் அவர்கள் உழுத மரக்கலப்பை. "பூஜையன்னிக்கு ஏரைச் சும்மா விடக் கூடாது" என்று கைப்பையிலிருந்த குங்குமத்தைக் குழைத்து மூன்று பொட்டு வைத்துவிட்டார். காய்ந்த மரம் உறிஞ்சிக்கொண்டது. அங்கே பொறுப்பிலிருந்த அம்மையார் போட்ட சத்தத்தில் பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். சனிக்கிழமைதோறும் வந்து வேலை செய்து கொடுப்பதாக அக்கா வாக்குக் கொடுத்தார். ஒன்பது வருடம் போனார். கறை போகவில்லை. பள்ளிக் குழந்தைகளுக்கு அந்த இடத்தின் கதையைச் சொல்பவரே அக்காதான் என்றாகிவிட்டது.

இந்த வருடம் வீட்டை மட்டும் விட்டுவிட்டு, சுற்றியுள்ள நிலத்தைக் கிடங்கு கட்டக் கொடுக்கப்போவதாக நகர சபை அறிவித்தது. கல்லறையைத் தோண்டி வேறிடம் மாற்றுவார்களாம். அக்கா அப்போது கீமோவில் இருந்தார்.

"டேய், என்னால முடியல. மீட்டிங்ல நீ போய்ப் பேசுடா. அந்தக் குழந்தைங்கள அங்கயே விடச் சொல்லு."

போனேன். மூன்று நிமிடம் கொடுத்தார்கள். எழுதிப் போனதில் பாதியைக்கூட வாசிக்கவில்லை. முதல் ஓட்டெடுப்பில் தோற்றோம்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அக்கா கண்ணைத் திறந்தார். "என்னடா ஆச்சு?"

"ஜெயிச்சிட்டோம்க்கா."

சிரித்தார். அன்று மாலையே எங்களை விட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ரசம் சாதம் கொண்டுவந்த தோழிகளுக்கும், கடைசிவரை கையைப் பிடித்திருந்த நர்ஸுகளுக்கும், இறுதிச் சடங்கில் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுத அந்தப் பண்ணை வீட்டு அம்மையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஓர் உதவி கேட்கிறேன். கேட்கிற இடம் இதுவல்ல, தெரியும். நகர சபையில் கடைசி ஓட்டெடுப்பு வரும் செவ்வாய்க்கிழமை மாலை. யார் வேண்டுமானாலும் மூன்று நிமிடம் பேசலாம். தயவுசெய்து வாருங்கள். அக்காவிடம் நான் கடைசியாகச் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது.

தம்பி