காலித் தொட்டியில் இருபது சதவீதம்

அருள்புரத்தில் ஒரு சாயப்பட்டறையில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது, தொட்டியின் தண்ணீர் அளவைக் காட்டும் மீட்டரைச் சரிபார்க்க ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை. எந்த மீட்டரைத் தொட்டாலும் பழைய செட்டிங்கை முதலில் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வார்.

அன்று காலை தண்ணீரில்லாமல் ஓடிப் பம்பு கருகியிருந்தது. "மீட்டர் இருபது சதவீதம் காட்டிச்சு சார்" என்ற தூத்துக்குடிக்கார பம்பு ஆபரேட்டரை, பொய் சொல்கிறார் என்று முதலாளி வேலையை விட்டே நிறுத்திவிட்டார்.

நாங்கள் மறுபடி நிரப்பியிருந்த தொட்டியை அந்தம்மா காலி செய்யச் சொன்னார். தொட்டி வற்றியும் மீட்டர் இருபதிலேயே நின்றது.

"காலித் தொட்டிக்கு சென்சார் நாலு மில்லிஆம்ப் கரண்ட் அனுப்புதுங்க, நிறைஞ்ச தொட்டிக்கு இருபது. மீட்டர்ல நாலு டு இருபதுன்னு வைக்காம, ஜீரோ டு இருபதுன்னு வச்சிருக்குது. இருபதுல நாலுன்னா இருபது சதவீதம், அதைத்தான் தண்ணின்னு காட்டுது."

"சென்சாரே ஜீரோவுல ஆரம்பிச்சா ஆகாதுங்களா?" என்றார் முதலாளி.

"வயர் அறுந்தாலும் ஜீரோதானுங்களே வரும்? காலியா, அறுந்துபோச்சான்னு அப்புறம் எப்படித் தெரியுமுங்க?"

செட்டிங்கை மாற்றியதும் மீட்டர் ஜீரோவுக்கு இறங்கியது.

"இந்த செட்டிங்கை வச்சது யாருங்க?" என்றார் முதலாளி.

"அது மீட்டருக்குத் தெரியாதுங்க" என்று அந்தம்மா மீட்டர் மூடியைத் திருகினார்.

"நான்தானுங்க. போன வாரம் புது மீட்டர் மாட்டினப்ப வச்சேன்" என்றேன்.

முதலாளி என்னை முறைத்துவிட்டு, ஆபரேட்டரைக் கூப்பிட்டு வரச் சொன்னார்.

வைத்தது நான்தான் என்று அந்தம்மாவுக்குத் தெரியும். வந்ததும் வராததுமாக, மீட்டரை மாட்டியது யார் என்று என்னிடம்தான் கேட்டிருந்தார்; நான்தான் என்று சொல்லியிருந்தேன். என்னைக் காப்பாற்றப் பார்த்தாரா, நானே சொல்லட்டும் என்று விட்டாரா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.