ஏட்டையாவைக் குளிப்பாட்ட ஓர் ஆள்

குற்றாலத்தை ஒட்டிய மேலகரத்தில் அங்கன்வாடி ஆனந்தவள்ளியைத் தெரியாதவர்கள் இல்லை. இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் வீறிட்டு அழுதாலும் அசராத மனுஷி. அப்பேர்ப்பட்டவளை ஒற்றை ஆள் எட்டு மாதமாகப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தார். அவள் வீட்டுக்காரர்தான், ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு மந்திரமூர்த்தி. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய், "போ" என்ற ஒரு சொல்தான் மிச்சம். மிச்சம் வைத்ததுதான் வைத்தது, அந்த நோய் ஒரு நல்ல சொல்லாக வைத்திருக்கக் கூடாதா?

தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பு போய்விட்டது. காஷ்மீரில் பட்டாளத்தில் இருக்கும் மகன் மணிமுத்து போனில் முடிவாகச் சொன்னான்: "எம்மா, இந்த மாசத்துக்குள்ள சரியான ஆளு அமையலன்னா அப்பாவ மதுரையில ஒரு ஹோம்ல சேத்துருவோம். ஒன்னையும் படுக்கையில பாக்க என்னால முடியாது."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனை முகம் தெரியாதவர்கள் நடுவே விட அவளுக்கு மனசு ஒப்பவில்லை.

முதலில் நர்ஸ் படித்த ஒரு பெண் வந்தாள். தங்கமான பிள்ளை. மருந்து வேளை தவறாது. ஆனால் குளிப்பாட்டப் போனால் ஏட்டையா வேட்டியை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு "போ, போ" என்பார். ஒன்பது நாள் உடம்பில் தண்ணீர் படவில்லை. அடுத்து ஓர் இளைஞன். கையுறை மாட்டி, ஈரத்துணியால் துடைத்து, மணி பார்த்து வேலையை முடிப்பான். அவனுக்கும் அதே "போ"தான். ஒரு பக்கமாகத் திருப்பவும் விடாமல் முறுக்கிக்கொண்டார்.

வாரம் இரண்டு நாள் வரும் பிசியோதெரபிஸ்ட் ஸ்ரீதேவி முதுகைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருந்தது. விட்டால் புண்ணாகிவிடும்.

"அக்கா, நல்ல ஆளா தேடுதீங்க, சரி. சாருக்கு என்ன வேணும்னு அவர்ட்ட கேட்டீங்களா?"

ஆனந்தவள்ளிக்குச் சுருக்கென்றது. பேச்சு வராதவரிடம் கேட்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டாள். பேசப் பழகாத பிள்ளைகளிடம் நாள் முழுக்கக் கேள்வி கேட்கிறவள், வீட்டில் கோட்டை விட்டிருந்தாள்.

கட்டிலருகே உட்கார்ந்தாள். "எதுக்குங்க எல்லாரையும் வெரட்டுதீக? மருந்து புடிக்கலையா?"

"போ."

"சாப்பாடா?"

"போ."

"குளிக்கணுமா?"

அவர் இடது கையைத் தூக்கி உச்சந்தலையில் மெல்லத் தட்டிக்காட்டினார். கண் நிறைந்துவிட்டது. குற்றாலத்தில் எத்தனையோ சீசன் டியூட்டி பார்த்தவர். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் இருந்ததில்லை. அந்த மனுஷனுக்கு ஈரத்துணி!

மறுநாளே குற்றாலத்துக்குப் போனாள். மெயின் அருவிப் பக்கம் வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் முத்துகுமரன், கூட்டமில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தான். அவனிடம் வாயைத் திறக்கவே அவளுக்குக் கூச்சம். நடைபாதையை அடைக்கிறான் என்று டியூட்டியில் அவனை விரட்டியவரே ஏட்டையாதான்.

விஷயத்தைக் கேட்டு அவன் பெரிதாகச் சிரித்தான். "எத்தன தடவ லத்தியோட தொரத்திருக்காரு! இப்ப என் கையில மாட்டிக்கிட்டாரா? வாரேன்க்கா."

"சீசன் வந்தா விட்டுட்டுப் போயிருவியே?"

"அங்கன எந்தம்பி பாத்துக்கிடுவான். நீங்க வேலைக்குப் போய்ட்டு வாரது வரைக்கும் நான் இங்கன."

ஸ்ரீதேவி அவனுக்கு இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தாள். விழுந்த தோளை இழுக்கக் கூடாது, இரண்டு மணிக்கொருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். வழுக்குப் பாறையில் ஆளைத் தாங்கிப் பழகிய கை, சட்டென்று பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை காலை. குளியலறையில் நாற்காலி போட்டு, முட்டுக்கொடுத்து உட்கார வைத்தான். ஆனந்தவள்ளி வெளியே முந்தானையைக் கடித்தபடி நின்றாள்.

"ஏட்டையா, தலையக் குனிங்க. இன்னைக்கு நான்தான் டியூட்டி."

ஒரு "போ"வும் கேட்கவில்லை. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கூடவே, எட்டு மாதமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு.

அவளுக்கு அழுகையும் ஆசுவாசமும் சேர்ந்து வந்தன. மகனுக்குப் போன் போட்டாள். "ஏலே, ஹோம் வேண்டாம்லே. ஒங்கப்பா குளிச்சிட்டாரு."

ஏட்டையா தூங்கியதும், முத்துகுமரன் கட்டிலருகே இருக்க, அவள் துண்டை எடுத்துக்கொண்டாள். அவர் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்று இத்தனை மாதமும் குளியலறைக் கதவை ஒருக்களித்து வைத்து, நாலு செம்பு ஊற்றிக்கொண்டு ஓடிவந்தவள். அன்று தாழ்ப்பாளைப் போட்டாள். வெந்நீர் தீரும்வரை வெளியே வரவில்லை.