யார் கையிலும் இல்லாத பாப்பா

ஓசூரில் நானும் கணவரும் வெவ்வேறு ஷிப்டில் வேலை செய்கிறோம். ஒருவர் வீட்டுக்குள் நுழைந்ததும் மற்றவர் கிளம்பிவிடுவார். மூன்று வயது மகளை இருவரும் சேர்ந்து பார்த்துக்கொண்ட நாட்கள் குறைவு.

சிங்கப்பூர் போனபோது அதுவே வினையானது. மாலைச் சுற்றுலாவில் கடலோர விளக்குகளைக் காட்டிவிட்டு, வழிகாட்டிப் பெண் எல்லோரையும் பேருந்தில் ஏற்றினார். கணவர் முன்பே ஏறியிருந்தார். நான் கடைசியாக ஏறினேன்.

"பாப்பா எங்க?" என்றார்.

"உங்ககிட்டதானே இருந்தா?"

நான் கதவுப் பக்கம் திரும்பினேன். வழிகாட்டி அதற்குள் இறங்கி ஓடியிருந்தார். பின்னாலிருந்து ஒருவர், "புள்ளயக்கூடப் பாத்துக்க முடியாதவங்க எதுக்கு டூர் வராங்க?" என்றார். எனக்கும் அதே கேள்விதான்.

சில நிமிடங்களில் வழிகாட்டி மகளை இடுப்பில் தூக்கிவந்தார்.

"கம்பியப் பிடிச்சுகிட்டு படகு பார்த்துச்சு. அழவே இல்ல" என்று என் மடியில் உட்காரவைத்தார். பிறகு மைக்கை எடுத்தார்.

"எல்லாரும் மன்னிக்கணும். ஆள எண்ணிப் பார்க்காம வண்டியில ஏத்தினது என் தப்பு."

பேருந்தில் அதன்பின் ஒருவரும் எங்களைக் குறை சொல்வதுபோல் திரும்பிப் பார்க்கவில்லை. தப்பு அவருடையதல்ல, என்னுடையது. அன்று எழுந்து சொல்லத் தைரியம் வரவில்லை. இன்று சொல்கிறேன்.