மோதிர விரலும் மாமாவின் தோணியும்

என் மாமாவுக்கு மாட்டேன் என்று நேரே சொல்ல வராது. அம்மாவின் மூத்த அண்ணன் அவர். குருக்கள்மடத்தில் எங்கள் வீட்டு வளவுக்குப் பின்னால்தான் வாவி. நண்டு வலை இழுக்கப் போகும்போதெல்லாம் என் அண்ணனைத் தோணியில் ஏற்றிக்கொள்வார். பத்து வயதான நானும் வருகிறேன் என்று போய் நின்றால், உடனே மேசைக்குக் கூப்பிடுவார்.

"கையக் கவுத்து வை புள்ள. நடுவிரல மட்டும் உள்ளுக்கு மடக்கு. இப்ப மோதிர விரலத் தூக்கு பாப்பம். அது எழும்பினா தோணி. எழும்பாட்டி வலை இழுக்கேலா."

எழும்பவில்லை. மற்ற விரல்களெல்லாம் துள்ளின. அந்த ஒன்று மட்டும் மேசையில் ஆணி அடித்தாற்போல் கிடந்தது. அண்ணன் என்றைக்கோ தூக்கிக் காட்டிவிட்டானாம். சத்தியமும் பண்ணினான், கள்ளன்.

நான் விடுவேனா? ஒரு கிழமை, ஏழு நாளும், அந்த விரலோடு மல்லுக்கட்டினேன். வகுப்பில் அதையே செய்துகொண்டிருந்து ரீச்சரிடம் அடியும் வாங்கினேன். விரல் அசைந்தபாடில்லை. ஆனால் தூக்கப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் முழங்கைக்குக் கீழே சதை துடிப்பதை மற்றக் கையால் தொட்டுக் கண்டுபிடித்தேன். ஆக, சதை பாடுபடுகிறது, விரல்தான் கேட்கவில்லை. என்னில் என்ன பிழை?

கை அடிபட்டவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் இன்றைக்கு என் வேலை. புறங்கையில் மோதிர விரலின் தசைநாண் நடுவிரலின் தசைநாணோடு பிணைந்து கிடக்கிறது. நடுவிரலை மடக்கினால் அதுவும் கட்டுப்பட்டுப்போகும். அநேகமாக எவருக்குமே எழும்பாது. இதை யாருக்காவது விளக்கும்போது மாமாமேல் எனக்கு இப்பவும் பற்றிக்கொண்டு வரும்.

சனிக்கிழமை காலை துடுப்போடு வந்தவரை நான் மறித்தேன்.

"முதல்ல நீங்க தூக்கிக் காட்டுங்க."

"வாயப் பாருங்க இவளுக்கு!" என்று சிரித்தபடி கையை வைத்து நடுவிரலை மடக்கினார். நான் அவருடைய முன்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். விரல் அசையவில்லை.

"நான் இன்னும் தூக்கத் தொடங்கல்ல," என்றார்.

"பொய்! தூக்கத் தெண்டிக்கிறீங்க மாமா. இஞ்ச சதை துடிக்குது!"

நழுவப் பார்த்த அண்ணனின் கையையும் இழுத்து வைத்தேன். அவனுக்கும் எழும்பவில்லை. துடுப்பைப் பறித்துக்கொண்டேன். "ஒண்டில் எல்லாரும் போவம், இல்லாட்டி ஒருத்தரும் போகேலா!"

மாமா தலையைச் சொறிந்தார். "சரி, ஏறித் தொலை."

சத்தம் கேட்டு அம்மா குசினியிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்றார். "அண்ணன், உங்களுக்கும் எழும்பாதா?"

மாமா நிலத்தைப் பார்த்தார்.

"இதச் சொல்லித்தானே சின்ன வயசில என்னையும் கரையில விட்டுட்டுப் போனீங்க? என்ட விரல்தான் பழுதெண்டு நான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன்."

அம்மா கையைச் சீலையில் துடைத்தார். "அடுப்ப அணைச்சுப்போட்டு வாறன். நான் ஏறாமத் தோணியத் தள்ளப்படாது."

எனக்கென்றால் அடங்காத ஆத்திரம். ஒரு கிழமை பாடுபட்டது நான். அம்மா சும்மா வந்து முன்பக்கமாய் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் அண்ணனோடு நடுவில் இடிபட்டேன். நடுவாவிக்குப் போனதும் பார்த்தால், அம்மா தண்ணீருக்குள் கையை விட்டபடி அழுதுகொண்டிருந்தார்.

"பயமெண்டா என்னத்துக்கு வந்தீங்க?" என்று எரிந்து விழுந்தேன்.