லென்ஸ் நிற்காத கண்

என் சித்தியின் முகத்தை நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரித்தால் இரண்டு வயது கிடைக்கும். இடப்பக்கம் நாற்பது, வலப்பக்கம் ஐம்பத்தைந்து. உண்மையான வயது நாற்பத்தேழு. நோய் நொடி எதுவும் காரணமல்ல. செய்கிற வேலைதான் காரணம்.

சித்தி கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். ஒரு பெரிய வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் சர்வீஸ் சென்டரில் அவருக்கு ஒரு மேசை உண்டு. அந்த வேலைக்கு முக்கியமான கருவி, கட்டைவிரல் உயரமுள்ள ஒரு கறுப்புக் குழல். அதன் முனையில் ஒரு லென்ஸ் இருக்கும். குழலை வலது கண்குழியில் வைத்து, புருவத்தைக் கீழே இறக்கி, கன்னத்தை மேலே ஏற்றி, கண்ணைச் சுற்றியுள்ள தசையாலேயே கவ்விக்கொள்ள வேண்டும். பட்டையும் கிடையாது, கயிறும் கிடையாது. ஒரு கையில் இடுக்கி, மறு கையில் திருப்புளி என்றிருக்கும்போது லென்ஸைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது?

இருபது வயதில் கடிகாரத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது முதல் வாரம் முழுக்க லென்ஸ் மடியில்தான் விழுந்ததாம். கன்னம் வலித்துச் சோறு மெல்ல முடியாமல் இருந்தாராம். பிறகு பழகிவிட்டது. லென்ஸோடு தொலைபேசியில் பேசுவார், தண்ணீர் குடிப்பார், தும்முவார், விழாது. ஒருமுறை மேசையை விட்டு எழுந்து, பேருந்தில் ஏறி, டிக்கெட் வாங்கிய பிறகுதான் அது கண்ணிலேயே இருப்பது தெரிந்ததாம். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் சித்தப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: "கல்யாணத்தன்னைக்கு மட்டும்தான் கழட்டினா. அதனாலதான் என்னைச் சரியாப் பாக்கல."

இருபத்தேழு வருஷம் கவ்விக் கவ்வி, வலது கண்ணின் ஓரத்தில் விசிறி மடிப்பு மாதிரி சுருக்கங்கள் விழுந்துவிட்டன. சித்தி அதைப் பொருட்படுத்தியதே இல்லை, அந்தப் புகைப்படம் வரும்வரை.

சர்வீஸ் சென்டரைப் புதுப்பித்து, வேலை நடப்பதை வாடிக்கையாளர்கள் பார்க்கிற மாதிரி கண்ணாடிச் சுவர் வைத்தார்கள். மூத்த பணியாளர்களின் படத்தை ஆளுயரத்துக்கு மாட்டினார்கள். சித்தியின் படத்தில் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து விழுந்திருந்தது. வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அக்கா, படத்துல ரெண்டு பேரு இருக்கீங்க. இந்தப் பக்கம் தங்கச்சி, அந்தப் பக்கம் தங்கச்சியோட மாமியார்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தார். வீட்டுக்கு வந்து குளியலறைக் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார்.

அதே வளாகத்தின் மூன்றாவது மாடியில் தோல் அழகு மையம் ஒன்று இருந்தது. சுருக்கம் எடுக்கிற ஊசி போடுவார்களாம், பத்து நிமிஷ வேலையாம். ஒரு சனிக்கிழமை காலை சித்தி ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினார். ஒப்புதல் படிவம். ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில், இரண்டு பக்கம்.

"சித்தப்பாகிட்ட சொல்லாதே. இதுல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லு."

எங்கள் இரண்டு வீட்டிலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். சித்தி வீட்டில் தங்கித்தான் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போய்வருகிறேன். வீட்டுக்கு வருகிற எந்தக் காகிதமும் என் கை வழியாகத்தான் போகும். அதில் எனக்குக் கொஞ்சம் மிடுக்கும் உண்டு. மடமடவென்று படித்தேன். தலைவலி, ஊசி போட்ட இடத்தில் ரத்தக்கட்டு, இமை தொங்குதல், இரட்டையாகத் தெரிதல், கண் உலர்தல், இமை முழுதாக மூடாமல் போதல். அந்தக் கடைசி வரியையும் நான் படித்தேன். படித்தேன் என்பதை இங்கே எழுதியே ஆகவேண்டும்.

"எல்லா மருந்துலயும் இப்படித்தான் சித்தி போடுவாங்க. காய்ச்சல் மாத்திரை அட்டையைப் படிச்சாலே பயந்து செத்துடலாம். கையெழுத்துப் போடுங்க" என்றேன்.

மதிய இடைவேளையில் சித்தி போய் வலது கண் ஓரத்தில் மட்டும் ஊசி போட்டுக்கொண்டார். நாலு மணி நேரம் அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, அழுத்தக் கூடாது, படுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார். சித்தி தலையாட்டிவிட்டு, லிஃப்டில் கீழே இறங்கி, மேசையில் உட்கார்ந்து, லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு மாலை ஆறு மணி வரை வேலை செய்தார். செருப்பு மாட்டிக்கொள்வதை யாராவது காலை அழுத்துவதாக நினைப்பார்களா? சித்திக்கு லென்ஸும் அப்படித்தான்.

நாலு நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் சுருக்கம் மறைய ஆரம்பித்தது. சித்தி காலையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலைக்குப் போனார். பதினோரு மணிக்கு என் அலுவலகத்துக்குத் தொலைபேசி.

"டேய், லென்ஸ் நிக்க மாட்டேங்குது."

"என்ன சித்தி?"

"லென்ஸ்டா. வெச்சா விழுது. திறந்து வெச்ச வாட்ச் மேலயே விழுந்துச்சு. மூணு தடவை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாட்ச்சுக்குச் சொந்தக்காரர் நின்னு பாத்துக்கிட்டிருக்காரு." அவர் குரல் இறங்கியது. "இறுக்கணும்னு நினைக்கிறேன், இறுகல. அந்த இடம் என்னோடதே இல்ல போல இருக்கு."

மாலை இருவரும் மூன்றாவது மாடிக்குப் போனோம். நர்ஸ் பதறவில்லை. "மருந்தோட வேலையே அதுதான் மேடம். தசையைத் தளர விடும். கொஞ்சம் பரவியிருக்கு போல. மூணு, நாலு மாசத்துல தானா சரியாயிடும்."

"எடுத்துட முடியாதா?"

"போட்டதை எடுக்க முடியாது மேடம். உங்க வேலை இதுன்னு நீங்க சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லையே" என்றார் சித்தி.

லென்ஸைத் தலையைச் சுற்றிக் கம்பியால் மாட்டிக்கொள்ளும் வகையும் உண்டு. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் போடுவது. சித்தி அதை வாங்கி மாட்டிக்கொண்டார். "என்னக்கா, மறுபடியும் ஒண்ணாங்கிளாஸா?" என்று வரவேற்புப் பெண் கேட்டதற்கு, தலைவலி என்று சமாளித்தார். இத்தோடு முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்றார். முகம் கழுவினார். கண் சிவந்தது. காற்றுப் பட்டால் நீர் கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார். சித்தப்பா சமையலறை வாசலுக்கு வந்து என்னைச் சைகை காட்டிக் கூப்பிட்டார்.

"என்ன பட்டதாரி, இங்க வந்து பாரு. இவ தூங்குறாளா, முழிச்சிருக்காளா?"

குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது. இடது கண் மூடியிருந்தது. வலது இமை பாதியில் நின்றிருந்தது. இடைவெளியில் வெள்ளை விழி மட்டும், ஈரமில்லாமல், மங்கலாக. மின்விசிறிக் காற்று நேராக அதன் மேல் அடித்துக்கொண்டிருந்தது. நான் குனிந்து முகத்துக்கு நேரே கையை ஆட்டினேன். விழி அசையவில்லை. படிவத்தின் கடைசி வரி அப்படியே கண்முன்னால் வந்து நின்றது.

மறுநாள் காலை கண் மருத்துவமனை. கண் டாக்டர் வயதான அம்மா, அதிகம் பேசாதவர். ஒரு சொட்டு மஞ்சள் மருந்து விட்டு, நீல விளக்கைக் காட்டி, கருவி வழியாகப் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். கருவிழியின் நடுவுக்குச் சற்றுக் கீழே ஒரு பச்சைக் கீறல் ஒளிர்ந்தது.

"தூங்கும்போது இமை மூடல. கருவிழி காஞ்சு கீறியிருக்கு. இதுல கிருமி சேர்ந்தா புண்ணாகும். புண்ணு ஆறினாலும் தழும்பு விழும். தழும்பு விழுந்தா கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாது. என்ன வேலை பாக்கறீங்க?"

சித்தி தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் சொன்னேன். டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார். "சொட்டு மருந்து மணிக்கு ஒரு தடவை. தூங்கறப்ப களிம்பு போட்டு, இமையை டேப்பால ஒட்டணும். கண்ணு ஆறற வரைக்கும் வேலை கிடையாது."

வீட்டில் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா சிரிச்சிருப்பீங்க."

"சிரிச்சிருப்பேன்தான்" என்றார் சித்தப்பா. பிறகு டேப்பை எடுத்துக் கத்தரித்தார். அன்றிலிருந்து இமையை ஒட்டுவது அவர் வேலையாயிற்று. கிரீஸ் போக மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வருவார். ஒட்டி முடித்துக் குனிந்து சரிபார்ப்பார். சித்தியைச் சிரிக்க வைக்க ஒருமுறைகூட முயலவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயம் கொடுத்தது. அந்த மனிதர் பகடி பேசாமல் ஒரு நாள் முழுக்க இருந்து நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் சொட்டு மருந்து விடும்போது சொல்லிவிட்டேன். "சித்தி, இமை மூடாமப் போகலாம்னு அந்தப் படிவத்துல இருந்துச்சு. நான் படிச்சேன். உங்ககிட்ட சொல்லல."

ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார். "நீ சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன்டா" என்றார். நிஜமாகவே சொன்னாரா, என்னைத் தேற்றச் சொன்னாரா, இன்று வரை தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினாராம். வலது கண்ணுக்கு முழுப் பார்வை இருக்கிறது என்று டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் பழைய மேசை, அதுவரை பேட்டரி மாற்றுவது, பட்டை மாற்றுவது. சித்தி தினமும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு எதையாவது படித்துப் பார்ப்பார். பால் பாக்கெட், மருந்துச் சீட்டு, சித்தப்பாவின் சட்டைக் காலரில் உள்ள துணி அட்டை. "இது அஞ்சா ஆறா?" என்று கேட்பார். நான் சொன்னதும் சரி பார்ப்பதுபோல் இடது கண்ணைத் திறப்பார். வலது கண்ணால் தான் படித்தது சரியா தப்பா என்று சொல்லமாட்டார்.

பத்தாவது வாரம் இமை முழுதாக மூடியது. கண் ஓரத்தில் மெல்லிய கோடுகள் திரும்ப வந்தன. லென்ஸ் பத்து எண்ணும் வரை நின்றது, பிறகு இருபது. பார்வை மட்டும் பாக்கி. பதினோராவது வாரம் சான்றிதழுக்காகப் போனோம்.

சோதனை அறையிலேயே ஓரமாக ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார்ந்து, எதிர்ச்சுவரில் இருந்த எண் பலகையைச் சத்தமாகப் படித்தார்கள். சித்தியின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. வேண்டுதல் என்று நினைத்தேன்.

அவர் முறை வந்தது. டாக்டர் இடது கண்ணை மறைத்தார். சித்தி மேலிருந்து கீழ் வரை தடங்கலில்லாமல் படித்தார். கடைசி வரி, பொடி எண்கள்: "ஏழு, நாலு, ரெண்டு, ஒம்பது, மூணு." டாக்டர் முகம் மலர்ந்தது. நான் எழுந்தே நின்றுவிட்டேன். மேசையில் சான்றிதழ்ப் புத்தகம் திறந்தது.

"டாக்டரம்மா" என்றார் சித்தி. "அது பொய்."

"என்னம்மா?"

"எனக்கு முன்னாடி அத்தனை பேரும் படிச்சாங்கல்ல. பயத்துல மனப்பாடமாயிடுச்சு. கடைசி வரி நான் பாத்துச் சொல்லல. வேற பலகை வைங்க."

டாக்டர் பலகையைத் திருப்பிப் போட்டார். இந்தமுறை சித்தி மெதுவாகப் படித்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் நாற்காலியின் கையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. கடைசிக்கு முந்தின வரி வரை சரி. கடைசி வரியில், "எட்டு... இல்ல, மூணு..." என்று நிறுத்திக்கொண்டார்.

"ஒரு வரி குறையுது" என்றார் டாக்டர். "கீறல் இருந்த இடத்துல லேசா ஒரு மங்கல் நிக்குது. மறையலாம். மறையாமலும் போகலாம். மூணு மாசம் கழிச்சு வாங்க. இப்ப முழுப் பார்வைன்னு என்னால எழுத முடியாது."

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏன் சித்தி வாயைத் திறந்தீங்க? எழுதிட்டிருந்தாங்களே!"

"நாளைக்குக் காலையில ஒருத்தரோட வாட்ச்சைத் திறந்தா எனக்குத் தெரிஞ்சிடுமேடா" என்றார்.

மருத்துவமனை நடைபாதை நீளமானது. இரு பக்கமும் கதவுகள், கதவுக்கு ஒரு பெயர்ப் பலகை. சித்தி உள்ளங்கையால் இடது கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு பலகைக்கு முன்னாலும் நின்று, உதடு அசைய, ஒற்றைக் கண்ணால் படித்துக்கொண்டே நடந்தார். யார் மேலும் மோதிவிடாமல் இருக்க நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். சில பலகைகளுக்கு முன்னால் அதிக நேரம் நின்றார்.