மங்கலாகிப்போன வள்ளம்

கல்யாணப் படம் எடுக்கும் என் கேமராவுக்கென்று புதிதாக வாங்கிய 85 எம்எம் லென்ஸ் மீது எனக்கு அப்படியொரு மயக்கம். தருவைகுளத்தில் கல்யாணம் முடிந்த கையோடு, மணப்பெண் கடற்கரையில் ஒரு மீன்பிடி வள்ளத்தின் முன்னால் போய் நின்றாள். அவள் முகம் மட்டும் துலங்க, பின்னால் இருந்ததையெல்லாம் மங்கலாக்கி எடுத்தேன்.

ஆல்பத்தைப் பார்த்த அவளுடைய அப்பா அதை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார். அவள்தான் மெதுவாகச் சொன்னாள்.

"இந்தப் படத்துக்காகத்தாண்ணே அப்பா வள்ளத்துக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சி, என் பேரையும் எழுதுனாவ."

எனக்குத் தலை நிமிரவில்லை. அவள் திட்டியிருக்கலாம். மாறாக, வள்ளம் கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை, அதே பட்டுச்சேலையில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு அதன் முன்னால் வந்து நின்றாள். பின்னால் இருப்பதும் தெளிவாக விழும் 35 எம்எம் லென்ஸில் எடுத்தேன். வள்ளத்தில் இருந்த அவள் பெயர் எழுத்தெழுத்தாகப் படத்தில் விழுந்தது.

"பின்னால என்ன தெரியணும்மா?" என்று கேட்காமல் இப்போது எந்தக் கல்யாணத்திலும் நான் லென்ஸ் மாட்டுவதில்லை. அந்தக் கேள்வி அவள் கொடுத்தது.