அறைக்குள் துண்டோடு ஒருவர்

சங்கராபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள், எங்கள் கல்யாண நாளுக்காக அங்கே ஒரே கம்பெனி ஒரே பெயரில் நடத்தும் நட்சத்திர ஓட்டல்கள் இரண்டைப் போனில் காட்டி, "எது வேணும்மா?" என்றாள். நானும் கணவரும் நாள்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்து, ஜன்னலில் கடல் தெரியும் ஓட்டலைச் சொன்னோம்.

போன அன்று மாலை, நகைகளை அறையில் வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனோம். திரும்பும்போது ஆட்டோக்காரரிடம் ஓட்டல் பெயரை மட்டும் சொன்னோம். அதே பளிங்குத் தரை, அதே பூஜாடி, அதே வணக்கம். முதல் மாடிக்கு ஏறி, எங்கள் எண் போட்ட அறையில் சாவி அட்டையை வைத்தால் கதவு திறக்கவில்லை. கணவர் தட்டினார்.

இடுப்பில் துண்டோடு ஒருவர் திறந்தார். எனக்கு உடனே நகை ஞாபகம் வந்தது.

"யோவ், எங்க ரூம்ல இன்னா பண்ணிக்கினு இருக்க?" என்று கணவர் அவர் கையைப் பிடித்தார்.

"குளிக்கப் போறேன் சார்!" என்றார் அவர்.

"திருடன்!" என்று கத்த வாயெடுத்தவள், அவருக்குப் பின்னாலிருந்த ஜன்னலைப் பார்த்தேன். கடலைக் காணோம். மேம்பாலத்தில் பஸ் போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க, அவர வுடுங்க. இது நாம வேணாம்னு சொன்ன ஓட்டலுங்க!"

கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டோம். அவர் துண்டை இறுக்கிக்கொண்டு சிரித்துவிட்டார். கடல் தெரியும் ஓட்டலுக்கு ஓடினோம்; எங்கள் அறையில் நகைகள் பத்திரமாக இருந்தன.

இப்போதெல்லாம் ஓட்டல் பெயரோடு தெருப் பெயரையும் சொல்லித்தான் ஆட்டோவில் ஏறுகிறேன். கணவரோ, சாவி கையில் இருந்தாலும் கதவைத் தட்டி, "உள்ள யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுத்தான் திறக்கிறார்.